நிலாவுக்கு ஒரு ரிலீவர்

வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் வட்டமான ஒரு பிளைவுட் தட்டு கிடக்கும். நடுவில் லாரிச் சக்கரத்தின் பழைய பேரிங் பொருத்தியிருக்கும். மேலே கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். துணியின் ஓரங்களில் இன்னமும் கேழ்வரகு சிக்கியிருக்கும். அடுத்த வாரம் வேலையில் சேரப்போகிற நீங்கள் மூன்று பேரும், வண்டியைச் சுத்தம் செய்கிற முதல்நாள் உற்சாகத்தில், முதலில் தூக்கிப் போட நினைக்கப்போவது அதைத்தான். போடாதீர்கள். அதை வைத்து நிகழ்ச்சியும் நடத்தாதீர்கள். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும்.

இருபத்தெட்டு வயதில் பணி அனுபவம் எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆறு வருடம் இந்த அறிவியல் வண்டியில் செவ்வாப்பேட்டை முதல் ஆந்திர எல்லை வரைக்கும் பள்ளிபள்ளியாகச் சுற்றியிருக்கிறேன். இப்போது மறுபடி படிக்கப் போகிறேன். ஒரே இடத்தில் இருக்கத் தெரியாதவள் என்பது என்னைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம். எப்படிக் காந்தம் கட்டுவது, எப்படி ப்ரொஜெக்டருக்கு மின்சாரம் வாங்குவது என்பதெல்லாம் ஓட்டுநர் ரஹ்மத் பாய்க்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வேறு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஒரு பழக்கம் எனக்கு உண்டு. உங்களிடமும் அது இருக்கும். இல்லாதவர்கள் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க மாட்டார்கள்.

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஓர் அரசுப் பள்ளி. அந்த ஞாயிறு வந்த வருடம்தான் அது மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பு முதல் தடவையாகத் தொடங்க வேண்டும். அறிவியல் குரூப் வேண்டும் என்று போதுமான பெற்றோர் கையெழுத்துப் போட்டால் ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் வருவார்கள். இல்லையென்றால் வணிகவியல் குரூப்போடு சரி. பட்டியல் திங்கட்கிழமை போயாக வேண்டும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அங்கே பத்தாவது முடித்த பெண்களில் அறிவியல் படிக்க ஆசைப்பட்டவர்கள் அதற்கு முன்பெல்லாம் ரயில் பிடித்துப் பொன்னேரி போக வேண்டும். பாதி வீட்டில் அனுப்ப மாட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருப்பார்கள், பிறகு தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குப் போவார்கள். எஸ்தர் டீச்சர் அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து, அண்ணனோடு சண்டை போட்டுப் படிக்கப் போனவர். போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கையெழுத்துப் போடுற அப்பா அம்மா முன்னாடி நீ ஒருவாட்டி நிகழ்ச்சி நடத்தும்மா. நான் சொன்னா டீச்சர் சொல்றாங்கன்னு போயிடுவாங்க. நீ சொன்னா உக்காந்து கேப்பாங்க."

நான் சனியின் வளையங்களை எடுத்துக்கொண்டேன். அப்போது சனியைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் அனுப்பிய படங்கள் புதிதாக வந்துகொண்டிருந்தன. பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்குவேன். ஒரு படம் கீழே இறங்கி முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டு டீ குடித்துவிடுவார். அதில் ஒரு படம் என்னைத் தூங்கவிடவில்லை. வளையத்தில் குறுகலாக ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு குட்டி நிலா. குட்டி என்றால் நிஜமாகவே குட்டி. கவரைப்பேட்டையில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை கும்மிடிப்பூண்டியைத் தொடுமா என்பதே சந்தேகம். அதற்கு இருபுறமும், கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்க வேண்டிய வளையத்தின் விளிம்புகள், புடவைக் கரைபோல அலை அலையாக வளைந்திருந்தன. உள்பக்க விளிம்பில் அலை நிலாவுக்கு முன்னால். வெளிப்பக்க விளிம்பில் நிலாவுக்குப் பின்னால்.

இதைக் காட்டத்தான் அந்தத் தட்டு. கறுப்புத் துணிமேல் கேழ்வரகை இரண்டு பட்டையாகப் பரப்பி, நடுவே ஓர் இடைவெளி விட்டு, இடைவெளியில் ஓர் இரும்பு நட்டு. தட்டைச் சுழற்றிவிட்டு, அடியிலிருந்து காந்தத்தால் நட்டை இழுத்தால் பக்கத்துக் கேழ்வரகு அழகாக அலையலையாக ஒதுங்கும். மூன்று வாரம் செலவழித்துச் செய்தேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அதனாலேயே அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துச் சிவந்த கண்ணோடு நேரே வந்தவர்கள், மதியம் ஷிஃப்டுக்குப் போகச் சீருடையோடு வந்தவர்கள், சர்ச் முடித்து வந்தவர்கள். சனி என்றதும் முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "ஞாயித்துக்கிழமை லீவுல கூட்டியாந்து சனியக் காட்டறாங்க பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைச் சுழற்றினேன். நட்டை நகர்த்தினேன். அலை வந்தது. கைதட்டல். அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் ஏகாம்பரம் என்று பிறகு தெரிந்தது. இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. பக்கத்தில் அவர் மகள் ரேவதி உட்கார்ந்திருந்தாள். பத்தாவது முடித்தவள்.

"ஒரு டவுட்டும்மா. அந்த நட்ட நீங்கதானே அடியிலேர்ந்து இழுக்கறீங்க?"

"ஆமாண்ணே."

"கைய எடுத்துட்டா அதுவும் தட்டோட சேந்துதானே சுத்தும்? உள்ளாற இருக்கறது, வெளிய இருக்கறது, நடுவுல இருக்கறது, அல்லாம் ஒண்ணா சுத்திக்கினு இருந்தா அந்த நிலா யாரப் போயி தொடும்? பக்கத்துல இருக்கறவன் எப்பவும் பக்கத்துலயேதானே இருப்பான்?"

இதை நீங்கள் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். வளையம் என்பது தட்டு இல்லை. கோடிக்கணக்கான பனித் துண்டுகள் தனித்தனியே சனியைச் சுற்றுகின்றன. உள்ளே இருப்பது வேகமாக, வெளியே இருப்பது மெதுவாக. அந்த வேக வித்தியாசம் இருப்பதால்தான் உள்ளே இருப்பவை நிலாவை முந்துகின்றன, வெளியே இருப்பவற்றை நிலா முந்துகிறது. முந்தும்போது ஒரு சின்ன இழுப்பு. அதில்தான் அலையே. என் தட்டில் இருந்ததோ எல்லாம் ஒன்றாகச் சுழல்கிற ஒரே பலகை. அலை வந்தது காந்தத்தால் இல்லை, என் கையால். இரும்புக் கம்பி உருட்டுகிற ஒருவர் மூன்று வாரம் எனக்குத் தெரியாத ஒன்றை மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

எனக்கு அது அந்தக் கணமே புரிந்தது. அப்படியும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அண்ணே, அதெல்லாம் பெரிய கணக்கு. இந்த அளவுக்குப் புரிஞ்சா போதும்."

அவர் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார். உட்கார்ந்தார். மடியில் வைத்திருந்த விண்ணப்பப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மடித்தார். அதற்கடுத்தவரும். ரேவதி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ இடைவேளையில் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். நேர்மையான மனிதர். ஆனால் பயந்த மனிதர். கையில் படிவங்களின் கட்டு, அதற்குமேல் பேனா. "அந்த மூணாவது வரிசை முழுக்க ஒரே மில்லு. ஏகாம்பரம் என்ன செய்றாரோ அதைத்தான் செய்வாங்க. ஒரு மணிக்கெல்லாம் கிளம்ப ஆரம்பிச்சுடுவாங்க. ஏதாவது ராக்கெட் படம் இருந்தா போடுங்க மேடம்."

"சார், அவர் கேட்டது சரி. நான் காட்டினதுதான் தப்பு. அதைச் சொல்லிடறேன்."

அவர் முகம் மாறியது. "அறிவியல் சொல்லிக்குடுக்க வந்தவங்களே தப்புன்னு சொன்னா, பொண்ணை எதை நம்பி அறிவியலுக்கு அனுப்புவாங்க? இன்னைக்கு வேணாம் மேடம். தயவுசெஞ்சு."

இன்றைக்கும் அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவர் பெயரில்தான் அந்தப் பட்டியல் போகப்போகிறது. நான் மாலையில் வண்டி ஏறிவிடுவேன்.

டீயை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனேன். ரஹ்மத் பாய் படியில் குந்திச் சமோசா தின்றுகொண்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர். எனக்கு முன்பு இந்த வண்டியில் மூன்று பேரைப் பார்த்தவர்.

"அந்தாளு கேட்டது கரீட்டா, தப்பா?" என்றார்.

"கரெக்ட்."

"அப்ப இன்னாத்துக்கு அவரக் குந்த வெச்ச?"

"தட்டுல அதைக் காட்ட முடியாது பாய். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போகணும், அப்படியும் அலை மட்டும் இருக்கணும். எதை வெச்சுக் காட்டறது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நீட்டினார். "தொ, அங்க காட்டு. தச்சூராண்ட ஒரு மாடு குறுக்க வருதுன்னு வெய்யி. மொத லாரிக்காரன் பிரேக்க மிதிக்கறான். பின்னாடி வர்றவன் மிதிக்கறான். அதுக்குப் பின்னாடி வர்றவனும் மிதிக்கறான். மாடு ஊட்டுக்குப் போயி தண்ணிகூட குடிச்சிடும். மொத லாரி கும்மிடிப்பூண்டிய தாண்டிடும். இங்க பிரேக்கு மட்டும் வண்டிக்கு வண்டி கை மாறிக்கினு பின்னாலயே போய்க்கினு இருக்கும். நாம வந்து மாட்டிக்கினு இன்னாடா பேஜாரு, ஒண்ணையும் காணமேன்னு பாப்போம்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

ஏகாம்பரம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க கேட்டதுதான் சரி. என் தட்டுதான் தப்பு. தெரிஞ்சும் உங்கள உக்கார வெச்சுட்டேன்."

"தெரியும்மா" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானே உட்டிருப்பேன். உனக்குப் புரியாதுன்னு சொன்னீங்க பாருங்க. எம்பொண்ணு பக்கத்துல குந்தியிருந்துச்சு."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவரை உட்கார வைத்தது அவருடைய மகள் முன்னால். அறிவியல் என்றால் இப்படித்தான், உன் அப்பாவுக்கு அங்கே இடமில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது நான்.

"எப்பண்ணே கிளம்பணும்?"

"ஒண்ணே காலுக்குக் கம்பெனி பஸ்ஸு. செகண்ட் ஷிஃப்ட்டு."

மணி பன்னிரண்டு. "அது வரைக்கும் நீங்க எனக்கு நிலாவா இருக்கணும்."

எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னேன். நல்லவேளை மேகம் கட்டியிருந்தது. இல்லையென்றால் ஜூன் மாத மண்ணில் கால் வைக்க முடியாது. தலைமையாசிரியர் தாழ்வாரத்துத் தூணோரம் படிவங்களை நெஞ்சோடு அணைத்து நின்றார். அவரைப் பார்க்காமல் சொன்னேன்: "காலைல நான் காட்டினது தப்பு. இந்த அண்ணன் அதைக் கண்டுபிடிச்சார். நான் மழுப்பினேன். சரியானதை இப்ப நாம எல்லாரும் சேர்ந்து செஞ்சு பார்க்கலாம்."

அதே முன்வரிசை அம்மா: "அப்ப காலைல கை தட்டினத திருப்பிக் குடும்மா." சிரிப்பு எழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

விளையாட்டு விழாச் சுண்ணாம்புப் பொடியால் எஸ்தர் டீச்சர் இரண்டு பெரிய வட்டம் போட்டார். உள்வட்டத்தில் ஒரு வரிசை, அவர்கள் வேகமாக நடக்க வேண்டும். வெளிவட்டத்தில் ஒரு வரிசை, மெதுவாக. நடு இடைவெளியில் ஏகாம்பரம், இரண்டுக்கும் நடுவான வேகத்தில். விதி ஒன்றுதான். நிலாவுக்கு நேராக வரும்போது அவர் பக்கம் ஓர் அடி சாய வேண்டும். பிறகு நாலு எட்டு நடந்து ஓர் அடி விலக வேண்டும். மறுபடி நாலு எட்டு, ஓர் அடி சாய வேண்டும். முன்னால் போகிறவரைப் பார்க்கக் கூடாது. தன் எட்டை மட்டும் எண்ண வேண்டும். பெண் பிள்ளைகளும் மீதிப் பெற்றோரும் மொட்டை மாடியில். மேலே இருந்துதான் இது தெரியும்.

முதல் தடவை படுதோல்வி. உள்வரிசையில் கணவர், வெளிவரிசையில் மனைவி. மதியச் சமையல் பற்றிப் பேசிக்கொண்டே இருவரும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும். ஒரு நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சுற்றினார்கள். மாடியிலிருந்து ரேவதியின் குரல் வந்தது: "மேடம், மறுபடியும் தட்டாயிடுச்சு."

"யோவ், பொண்டாட்டி கூட நடக்காதய்யா" என்று மில்காரர் ஒருவர் கத்தினார். "ஊட்டுல நடக்காதவரு இங்க வந்துதான் நடக்கறாரு" என்றார் அந்த மனைவி.

இரண்டாவது தடவை அவர்களைப் பிரித்துவிட்டோம். நானும் மாடிக்கு ஓடினேன். முதலில் வெறும் கூட்டம். பிறகு உள்வரிசையில் ஒருவர் ஏகாம்பரத்தைத் தாண்டினார், சாய்ந்தார், விலகினார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதையே செய்தார், அதே இடத்தில் தொடங்கி. அதற்கடுத்தவரும். திடீரென்று அவர்கள் தனித்தனி மனிதர்களாக இல்லை. உள்வட்டத்தின் கோடு நிலாவுக்கு முன்னால் வளைந்து வளைந்து போனது. வெளிவட்டம் அவருக்குப் பின்னால் வளைந்தது. ஏகாம்பரம் நடக்க நடக்க அலையும் அவரோடு நடந்தது. நாலைந்து வளைவுக்கு அப்பால் ஆட்கள் எண்ணிக்கையை மறந்து ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ள, அலை தேய்ந்து போனது. சனியிலும் அப்படித்தான். துண்டுகள் இடித்துக்கொள்ள இடித்துக்கொள்ள அலை அடங்கிவிடும், நிலா மறுபடி வந்து கலைக்கும் வரை. அது எனக்குப் படித்துத் தெரியும். கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது.

எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார்.

கீழே இருந்து அந்த முன்வரிசை அம்மா, நடையை நிறுத்தாமலேயே கேட்டார்: "ஏம்மா, மேல அல்லாரும் வாயப் பொளந்துக்கினு பாக்கறீங்க. இங்க கால் நோவ நடக்கறது நாங்க. எங்களுக்கு எப்பக் காட்டுவ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நிறுத்திவிட்டு ஆளை மாற்றலாம் என்று கையைத் தூக்கினேன். ஏகாம்பரம்தான் தடுத்தார். "நிறுத்தாத. நிறுத்தினா அப்புறம் புடிக்கறது கஷ்டம். ரிலீவர் போடு."

அந்த மூன்றாவது வரிசைக்கு அதற்குமேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி ஓடிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் மாறுகிறது என்று அது நிற்காது. ரிலீவர் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பார். இரண்டு கம்பி போகிறவரை உங்கள் கையைப் பார்ப்பார். பிறகு நீங்கள் நழுவிக்கொள்வீர்கள், அவர் அந்த இடத்தில் இருப்பார். ரிலீவர் வராமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்தப் பேட்டையில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த விதி அது.

மாடியிலிருந்தவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒருவர் பக்கத்தில் போய் நாலு எட்டு கூடவே நடந்தார்கள். "எத்தினி எண்ணிட்ட?" "மூணு." "சரி, நீ போ." பழைய ஆள் விலகினார், புது ஆள் நாலாவது எட்டை வைத்தார். மேலே இருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிசையில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். பிறகு முக்கால்வாசி. அலை அப்படியே இருந்தது. அது யாருடைய அலையும் இல்லை. வருகிறவர் அதில் நுழைந்து, தன் பங்குக்கு ஒரு தடவை சாய்ந்து விலகி, போய்விடுகிறார். பாய் சொன்ன பிரேக் மாதிரி. அந்த முன்வரிசை அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இதையா நாங்க போட்டோம்" என்றார் மெதுவாக.

எல்லோருக்கும் ரிலீவர் வந்துவிட்டார்கள், நிலாவைத் தவிர.

ஒரே ஒரு நிலா. அவர் நின்றால் எல்லாம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அந்த இடத்துக்குப் போகத் துணியவில்லை. ஏகாம்பரம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நடந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பள்ளி வாசலில் கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. அவர் வாசலைப் பார்த்தார், மாடியில் நின்ற மகளைப் பார்த்தார், நடந்துகொண்டே இருந்தார்.

"அண்ணே, போதும், வந்துடுங்க" என்றேன்.

"ரிலீவர் வராம எப்பிடிம்மா போறது?"

பஸ் மறுபடி ஹார்ன் அடித்தது. படிவம் அவர் சட்டைப்பையில் நாலாக மடிந்து வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. அவர் அப்படியே பஸ் ஏறினால் அந்த வரிசை முழுவதும் அப்படியே போகும். எனக்கு அது தெரியும், தூணோரம் நின்ற தலைமையாசிரியருக்கும் தெரியும்.

நான் படியிறங்கத் திரும்பியபோது கீழே தலைமையாசிரியர் தூணைவிட்டு நகர்ந்துவிட்டார். கையிலிருந்த படிவக் கட்டைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்தார். செருப்பைக் கழற்றினார். வெள்ளைச் சட்டையும் பேனாவுமாகச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி இடைவெளிக்குள் போய் ஏகாம்பரத்தின் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

"எந்த வேகத்துல போகணும்?"

"கூட வாங்க சார். நாலு எட்டு. கால் தானா புடிச்சிக்கும்."

இரண்டு பேரும் தோளோடு தோளாக நடந்தார்கள். உள்வரிசையில் ஒருவர் அவர்களைத் தாண்டிச் சாய்ந்தார். இன்னொருவர். பிறகு ஏகாம்பரம் ஒருபக்கமாக நழுவிக்கொண்டார்.

இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறி வந்தார். பஸ் காத்திருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது, சுவரோரம் நின்று பார்த்தார். கீழே தலைமையாசிரியர், வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு, மிகக் கவனமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னும் பின்னும் கோடுகள் வளைந்து போயின.

"நான் எறங்கிட்டேன்" என்றார் ஏகாம்பரம். "அது நிக்கல பாரு."

ரேவதி தலையாட்டினாள். அவர் படிவத்தை எடுத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். "உனக்கு இஷ்டந்தானே? எனக்காவ சொல்லாத." அவள், "இஷ்டந்தாம்பா" என்றாள். என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். பெயர் எழுதும் இடத்தில் வியர்வையில் மை கொஞ்சம் பரவியது. பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு ஓடினார். கீழே அவரைப் பார்த்தபடி மில்காரர்கள் ஒவ்வொருவராகச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் நிற்கச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். பஸ் போன பிறகும் அவர் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் ரஹ்மத் பாய்தான் போய், பக்கத்தில் நாலு எட்டு நடந்து, அவரை விடுவித்தார். திங்கட்கிழமை போன பட்டியலில் அறிவியல் குரூப் இருந்தது.

தட்டு இதனால்தான் வண்டியில் கிடக்கிறது. மேடையில் யாராவது எழுந்து ஒரு டவுட் என்று சொன்னால், வாய் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வண்டி பொன்னேரியிலிருந்து கிளம்பும். அன்றோடு என் வேலை முடிகிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் முதல் நாலு பள்ளிக்கு நானும் வருவேன். பேச மாட்டேன். உங்கள் பக்கத்தில் நிற்பேன். ஐந்தாவது பள்ளியில் திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டேன். நீங்கள் நிறுத்தாதீர்கள்.